ஒரே நாள், ஒரே ஊர்: குமரி மாவட்டப் போராட்ட வரலாற்றை ஆவணப்படமாக எடுக்க முழுமையான வழிகாட்டி

1954 ஆகஸ்ட் 11 அன்று பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த குமரிப் பகுதி தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று அன்று திரண்ட மக்கள் மேல், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். நான் ஒருமுறை பேசிவிட்டு வந்த ஒரு பாட்டா (தாத்தா), கேமராவோடு திரும்பிப் போவதற்குள் இறந்துபோனார். அவர் சொன்னதில் பாதியை நான் குறித்துக்கூட வைக்கவில்லை. இதை எழுத அதுதான் காரணம்.

நானும் நண்பர்களும் நாகர்கோவிலில் இருந்துகொண்டு சின்னச் சின்ன ஆவணப்படங்கள் எடுத்து வருகிறோம். கையில் ஒரு நல்ல கைபேசி, இரண்டு மைக், பஸ் செலவுக்குப் பணம் இவ்வளவு இருந்தால் போதும், நீங்களும் எடுக்கலாம். நாங்கள் செய்து பழகிய வரிசையிலேயே சொல்கிறேன். உதாரணத்துக்கு அந்த ஆகஸ்ட் 11-ஐயே கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

நம் மாவட்டத்தில் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் இருக்கிறது. அய்யாவழியைத் தோற்றுவித்த வைகுண்டரின் சுவாமித்தோப்பும் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுத்த முத்திரிக்கிணறும் இருக்கின்றன. 1926-ல் தொடங்கிய சுசீந்திரம் சத்தியாகிரகம், 1936 நவம்பர் 12 அன்று வந்த திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம், பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939-ல். அதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்பே சுசீந்திரம் கோயில் கதவு சட்டப்படி திறந்துவிட்டது என்பது மாவட்டத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

இவ்வளவும் இருப்பதாலேயே ஒரு தப்பு நடக்கிறது. 1741 குளச்சல் போரில் தொடங்கி 2004 சுனாமியில் முடியும் இருபது நிமிடப் படம் எடுத்துவிடுகிறோம். பார்த்து முடித்தவர் மனதில் ஒரு முகம்கூட நிற்பதில்லை. நாங்கள் எடுத்த முதல் படம் அப்படித்தான் ஆனது.

அதனால் ஒரு நாளையோ ஒரு ஊரையோ ஒரு கட்டடத்தையோ பிடியுங்கள். பிறகு ஒரே வாக்கியத்தில் கேள்வியை எழுதுங்கள். ‘குமரி இணைப்புப் போராட்டம் என்றால் என்ன?’ என்பது பாடப்புத்தகக் கேள்வி. ‘அன்றைக்குக் காலையில் வேலையைப் போட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பியவர் ஏன் கிளம்பினார்?’ என்பது படத்துக்கான கேள்வி. இதற்குப் பதில் தேடினால் மொழி, நிலம், சாதி, பள்ளிக்கூடம், வேலை எல்லாம் தானாக உள்ளே வரும். அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எடிட்டிங் மேசையில் குழம்பும்போது அதுதான் கை கொடுக்கும்.

இரண்டாம் படி: ஆளைத் தேடும் முன் தாளைத் தேடுங்கள்

பெரியவர்களைப் பார்க்கப் போவதற்கு முன் காலவரிசை உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் சொல்வது எந்த வருடம், எந்த ஆட்சி என்றே பிடிபடாது. எல்லைப் போராட்டத்துக்கு இவ்வளவாவது வேண்டும்:

1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாகின. தெற்கே இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்தது. நேசமணி அதன் முதன்மைத் தலைவர். 1953 டிசம்பரில் பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைந்தது. 1954-ல் முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. துப்பாக்கிச் சூடு நடந்ததும், அவர் பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். 1955 செப்டம்பர் 30 அன்று ஆணையத்தின் அறிக்கை வந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. கேட்ட எல்லாம் கிடைக்கவில்லை. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. நெய்யாற்றின்கரையும் அப்படியே.

இதை ஒரு பெரிய சார்ட் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். யாரிடம் பேசினாலும் அவர் சொல்வதை அந்தந்த வருடத்துக்குக் கீழே பென்சிலால் எழுதுங்கள். ஒரு மாதத்தில் அந்தத் தாளே உங்கள் திரைக்கதையின் முதல் வரைவாக மாறிவிடும்.

தாள்கள் எங்கே கிடைக்கும்? 1956 வரை நம்மை ஆண்டது திருவனந்தபுரம். ஆகவே அரசுக் கோப்புகளில் பெரும்பகுதி அங்குள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும். சட்டமன்ற விவாதங்களும் அங்கேதான். இணைப்புக்குப் பிறகான கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய இதழ்கள், துண்டறிக்கைகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மிஷனரிகளின் கடிதங்கள் வேண்டுமென்றால், லண்டன் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. மின்னஞ்சல் வழியே கேட்கலாம்.

செய்தித்தாள்களை இரண்டு பக்கமும் படியுங்கள். தினமலர் 1951-ல் தொடங்கியதே திருவனந்தபுரத்தில்தான். எல்லைப் போராட்டத்தில் தமிழர் பக்கம் நின்ற ஏடு அது. அதே நாளின் மலையாளப் பத்திரிகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே சம்பவம் எப்படி இரண்டாகத் தெரிகிறது என்பது புரியும். அந்த இரண்டு தலைப்புச் செய்திகளையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டினாலே போதும், வர்ணனை தேவைப்படாது.

பழைய ஆவணங்களில் வருடம், திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825. வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிவந்ததாக அய்யாவழியினர் சொல்லும் கொல்லம் 1008 மாசி 20 என்பது 1833 மார்ச் தொடக்கம். இந்த ஒரு கணக்கைக் கவனிக்காமல் ஒரு வருடம் தள்ளிப்போன படங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மொழி. கோப்புகள் மலையாளத்தில், அதுவும் பழைய எழுத்து முறையில் இருக்கும். நாங்கள் இதற்கு ஒரு வழி கண்டோம். இணைப்புக்கு முன்னால் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழர்கள் நம் மேற்குப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு பாட்டாவிடம் நகலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் சொன்னார். ஒரு இடத்தில் நிறுத்தி, “இது எங்க ஊருல்லா மக்கா” என்றார். அந்தத் தாளில் அவருடைய ஊர்ப் பெயர் இருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது மொழிபெயர்ப்பு மட்டும்தான். கேமராவை ஓடவிட்டிருந்ததால் படத்தின் மிக நல்ல காட்சியும் கிடைத்தது.

தேடலில் சலிப்பு வந்தால் ஏ.கே. செட்டியாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் சுமார் 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்து, 1940-ல் தமிழில் வெளியிட்டார். நமக்குத் திருவனந்தபுரம் மூன்று மணி நேர பஸ் பயணத்துக்குள்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: ஆட்களைத் தேடுவது

பெயர்ப்பட்டியலைத் தலைவர்களின் குடும்பத்திலிருந்து தொடங்காதீர்கள். அவர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள், சிலையும் மணிமண்டபமும் இருக்கிறது. ஊர்வலத்தில் பின்வரிசையில் நடந்தவர், அன்று கடை திறந்திருந்தவர், காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்று தேடுங்கள். பெண்களிடம் கட்டாயம் பேசுங்கள். ‘நான் வீட்டுலதான் இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்றுதான் எல்லாப் பாட்டிகளும் தொடங்குவார்கள். போலீஸ் தேடி வந்தபோது யாரை எங்கே ஒளித்து வைத்தார்கள், ஆண்கள் இல்லாத வாரங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் எந்தப் போராட்டத்தையும் ஒரு சாதியின் கதையாகவோ ஒரு மதத்தின் கதையாகவோ சுருக்கிவிடுவது சுலபம். அப்படிச் சுருக்கிய படத்துக்கு அந்தச் சமூகத்தின் கைத்தட்டல் கிடைக்கும். வரலாறு கிடைக்காது. 1954 ஜூலையில் தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதானவர்கள் மூன்று பேர்: நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாதன். மூன்று பெயரும் மூன்று பின்னணியைச் சொல்லும். இணைப்பை விரும்பாதவர்களும் அன்று இருந்தார்கள். திருவனந்தபுரத்தில் வேலை, அங்கே சம்பந்தம், மலையாளம் பேசும் வீடு என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு 1956 நவம்பர் 1 எப்படி இருந்தது என்று கேளுங்கள். போலீஸ்காரராக இருந்தவரின் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. நீங்கள் யார் பக்கம் என்பது படத்தில் தெரியலாம், தெரியவும் வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கத்து மனிதரும் அவர் பேச்சிலேயே பேச இடம் இருக்க வேண்டும்.

முதல் முறை போகும்போது கேமராவை எடுத்துப் போகாதீர்கள். போய் உட்காருங்கள், கட்டன் சாயா குடியுங்கள், யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்லுங்கள். இந்த ஊரில் அதுதான் அடையாள அட்டை. நேரமும் பார்த்துப் போக வேண்டும். ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பி, பாலெடுத்து, சீட் அடித்து முடிக்க மதியமாகிவிடும். அவர்களை மாலையில் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு போங்கள், அன்றுதான் ஆட்கள் கரையில் இருப்பார்கள்.

ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். தமிழில் ஒரு பக்கம் போதும். எதற்காக எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், பணம் உண்டா இல்லையா, வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வரை விலகலாம் என்று எளிமையாக எழுதுங்கள். உரக்க வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கேட்கட்டும். பெரியவர் சம்மதித்து, மகன் பின்னாளில் சண்டைக்கு வந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. தவறு எங்களுடையது, மகனிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

நான்காம் படி: கேட்பது

‘அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற கேள்வியைக் கேளுங்கள்.

அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? எந்தப் பாதை வழியாக நடந்தீர்கள்? கூட யார் வந்தார்கள்? போக வேண்டாம் என்று வீட்டில் யார் சொன்னார்கள்? சத்தம் கேட்டதும் முதலில் எந்தப் பக்கம் ஓடினீர்கள்? திரும்பி வந்து வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி என்ன இருக்கும்?

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் சாப்பிட்டேன் என்று தொடங்கியவர், பத்தாவது நிமிடத்தில் தோளில் துண்டோடு முன்னால் நடந்தவரின் முதுகை வருணிப்பார். அதற்குப் பிறகு நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. மௌனம் வந்தால் ஐந்து விநாடி பொறுங்கள். மிக முக்கியமானது பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வருகிறது.

கேமராவைப் பார்த்ததும் நம்மவர்கள் செந்தமிழுக்குத் தாவிவிடுவார்கள். விளவங்கோட்டுப் பேச்சும் தோவாளைப் பேச்சும் ஒன்றில்லை. அந்த வேறுபாடே இந்த மாவட்டத்தின் வரலாறு. ‘பாட்டா, வீட்டுல பேசுற மாதிரியே பேசுங்க’ என்று கேட்டுக்கொண்டு, முதல் பதினைந்து நிமிடம் தென்னை, மழை, பேரப்பிள்ளைகள் என்று பேசவிடுங்கள். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதே என்ற கவலை வேண்டாம். கீழே எழுத்து ஓடவிடலாம்.

நினைவும் தாளும் ஒத்துப்போகாத இடங்கள் நிச்சயம் வரும். ஆகஸ்ட் 11 அன்று இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கே நூலுக்கு நூல் எண் மாறுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடித்துச் சொல்லாதீர்கள். எந்த ஆவணம் எந்த எண்ணைச் சொல்கிறது, ஊர் மக்கள் எந்தப் பெயர்களைச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் காட்டுங்கள். பெயர் தெரிந்தவர்களின் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். பெரியவர் தேதியை மாற்றிச் சொன்னால் பேட்டியின் நடுவில் திருத்தவும் வேண்டாம். அவருடைய பேச்சின் ஓட்டம் நின்றுவிடும். திரையில் ஒரு வரி எழுத்தால் சரிசெய்துகொள்ளலாம்.

தோள்சீலையைப் படமாக்குகிறவர்களுக்குத் தனியாக

இந்தப் பொருளைத்தான் இளைஞர்கள் அதிகம் எடுக்கிறார்கள், இதில்தான் தவறும் அதிகம். அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலில் உண்மைகள். கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் (ரவிக்கை போன்ற மேல்சட்டை) அணியலாம் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில், 1810-களில், உத்தரவு வந்தது. 1820-களில் அடிதடியும் தீவைப்பும் நடந்தன. 1829-ல் வந்த அரச அறிவிப்பு, மேல்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை அணியக் கூடாது என்றது. 1858-ல் மறுபடியும் கலவரம். சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் அழுத்தத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா அனுமதி அளித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ‘1859-ல் வெற்றி’ என்று முடிக்கிற படங்கள் இந்த நிபந்தனையை விழுங்கிவிடுகின்றன.

இரண்டாவது, முலைவரியை எதிர்த்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் சேர்த்தலை நங்கேலியின் கதையை இதோடு கலக்காதீர்கள். அது வாய்மொழியாக வந்த கதை, ஊரும் வேறு. அதைச் சொல்வதென்றால் வாய்மொழிக் கதை என்றே சொல்லுங்கள். மக்கள் ஏன் அதை இன்றும் சொல்கிறார்கள் என்பதும் நல்ல கேள்விதான்.

மூன்றாவது, படங்கள். இணையத்தில் தேடினால் மேலாடை இல்லாத பெண்களின் பழைய புகைப்படங்கள் குவியும். எந்த ஊர், எந்தச் சமூகம், யார் எடுத்தது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. மேலாடை உடுத்தும் உரிமைக்காக அடிபட்ட பெண்களின் கதையைச் சொல்ல, அதே நிலையில் பெண்களை மறுபடி காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நடித்துக் காட்டும் காட்சிகளும் அப்படித்தான். பதிலாகத் துணியைக் காட்டுங்கள். தறி, ஊசி, நூல், பாட்டியின் பெட்டியில் மடித்து வைத்த சட்டை. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைத்தொழில் நெடுங்காலம் இங்கே நின்றது. ஊசி பிடித்த ஒரு கையை அருகில் வைத்துக் காட்டினால் சொல்ல வேண்டியது சொல்லியாகிவிடும்.

நான்காவது, சொற்கள். பழைய ஆவணத்தில் இருக்கும் சாதிப் பெயரை ஆவணத்தை வாசிக்கும்போது மட்டும் அப்படியே சொல்லுங்கள். உங்கள் வர்ணனையில் அந்தச் சமூகம் இன்று தன்னை அழைத்துக்கொள்ளும் பெயர்தான் வர வேண்டும். கூடவே ஒரு கேள்வியை விடாதீர்கள்: இந்த வரலாற்றில் அதற்கும் கீழே நிறுத்தப்பட்ட புலையர், பறையர் பெண்கள் எங்கே? 1855-ல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களின் கதையை யாரும் போய்க் கேட்கவில்லை.

இதைப் பேசுவதே சிலருக்குப் பிடிக்காது. 2016-ல் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இந்தப் பகுதியிலிருந்து கேள்வி கேட்கக் கூடாது என்று சிபிஎஸ்இ அறிவித்தது நினைவிருக்கலாம். பாடத்தில் இல்லாததால்தான் படம் தேவைப்படுகிறது.

ஐந்தாம் படி: படப்பிடிப்பு

கேமராவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைபேசி போதும். ஒரு ஸ்டாண்ட், ஜன்னல் வெளிச்சம், விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50-ல் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இப்படி வைத்தால் ட்யூப்லைட் மினுங்காது.

பணம் இருந்தால் ஒலிக்குச் செலவழியுங்கள். சட்டையில் மாட்டும் மைக் ஒன்று, தனியாகப் பதிவு செய்யும் கருவி ஒன்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை அங்கே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாமல் அந்தப் பக்கம் போய் ஒரு முழு நாள் பேட்டியை இழந்தோம். கடற்கரையிலும் அதே கதைதான். ரப்பர் தோட்டத்துக்குள் காற்று அடங்கியிருக்கும், பேட்டிக்கு அருமையான இடம். கோயில், குருசடி, பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளின் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒட்டுப்போட உதவும்.

நமக்கு இரண்டு மழை. ஜூனிலும் அக்டோபரிலும் தொடங்குகிற இரண்டு பருவத்துக்கும் இடையில் மாட்டிக்கொள்ளாமல் வெளிப்புறக் காட்சிகளை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையில் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தும் காட்சியும் நவம்பர் 1 விழாவும் மட்டும் அந்தந்த நாளில்தான் கிடைக்கும். குடையோடு போங்கள்.

அனுமதி விஷயத்தில் ஒரு சிக்கல் நம் மாவட்டத்துக்கே உரியது. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். உள்ளே படம் எடுக்க அங்கேதான் எழுத வேண்டும். உதயகிரிக் கோட்டை தமிழக வனத்துறையின் கையில். சுசீந்திரம் போன்ற கோயில்களுக்கு அறநிலையத் துறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரோன் பறக்கவிட நினைத்தால், அதற்கென அரசு வைத்திருக்கும் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள்.

வீடுகளில் இருக்கும் பழைய புகைப்படங்களை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், தேதியும் ஸ்டுடியோ பெயரும் அங்கேதான் இருக்கும்.

அன்றன்றைய பதிவை அன்று இரவே இரண்டு வன்தட்டில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

ஆறாம் படி: எழுதி, வெட்டி, ஒட்டுவது

எல்லாப் பேட்டியையும் எழுத்தில் இறக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு நாள் போகும். குறுக்குவழி தேடாதீர்கள், கேட்டு எழுதும்போதுதான் படம் மனதில் உருவாகிறது. பிறகு தாளை வெட்டித் தரையில் பரப்பி வரிசைப்படுத்துங்கள். எங்கள் படத்தில் காலையிலிருந்து இரவு வரை ஐந்து பேர் மாறி மாறி அதே நாளைச் சொல்வதாக வரிசை அமைந்தது. தலைவர்களும் ஆணையமும் நடுவில் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வந்துபோனார்கள்.

வர்ணனை குறைவாக இருக்கட்டும். ‘வீரம் செறிந்த’, ‘குருதியில் எழுதப்பட்ட’ போன்ற சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். சோக வயலினும் வேண்டாம். அன்றைய நாளை இன்றோடு இணைக்க ஒரு காட்சி தேடினால், விளவங்கோட்டில் நெய்யாறு இடதுகரைக் கால்வாய்க்குப் போங்கள். 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியதிலிருந்து எல்லைக் கோடு என்பது அங்குள்ள விவசாயிக்கு வரைபடத்தில் இருக்கும் விஷயம் இல்லை.

தமிழ் எழுத்தோடு மலையாள எழுத்தும் கீழே ஓடும்படி ஒரு பிரதி போடுங்கள். கேரள எல்லையில் உள்ள பாறசாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் பார்க்க வேண்டிய படம் இது.

உரிமை பற்றி: இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம் பதிப்புரிமை. புகைப்படத்துக்கும் முன்பு அப்படித்தான் இருந்தது; 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவர் இறந்த பிறகு 60 வருடம். ஆகவே 1954-ல் பத்திரிகையில் அச்சான படம் என்றாலும், உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டே பயன்படுத்துங்கள், எங்கிருந்து எடுத்தது என்றும் குறிப்பிடுங்கள். நூல்களுக்கு ஆசிரியர் இறந்த பிறகு 60 வருடம். வீட்டுப் படங்களுக்கு வீட்டாரின் எழுத்துச் சம்மதம். பொது இடத்தில் திரையிடுவதற்குத் தணிக்கைச் சான்று வேண்டும், ஆவணப்படத்துக்கும் அதுதான் சட்டம். இணையவழியே விண்ணப்பிக்கலாம், மண்டல அலுவலகம் சென்னையில். யூடியூபில் போட அது தேவையில்லை.

ஏழாம் படி: முதல் காட்சி

எதையும் வெளியிடுவதற்கு முன், பேசியவர்களுக்குக் காட்டுங்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில், உங்கள் மடிக்கணினியில். தன் பேச்சு வெட்டப்பட்ட விதம் தவறு என்று ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு பாட்டியின் மூன்று வரியைச் சேர்க்க முழுக் காட்சியையும் திரும்ப வெட்டினோம். அவர் சொன்னது சரி: அந்த மூன்று வரி இல்லாமல் அவருடைய அண்ணன் ஏதோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் போல இருந்தார். தெரிந்தே போனவர் அவர்.

சான்று கைக்கு வந்ததும் ஊரில் காட்டுங்கள். நூலகம், பள்ளிக்கூடம், சபை மண்டபம், அய்யாவழியினரின் நிழல்தாங்கல், எதுவானாலும் எல்லோரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு சமூகத்தின் மண்டபத்தில் மட்டும் காட்டினால் படமும் அவர்களுடையதாகிவிடும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒரு நோட்டும் பேனாவும் வாசலில் வையுங்கள். ‘எங்க அப்பாவும் அன்னைக்குப் போனாரு’ என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். பெயர், ஊர், தொலைபேசி எண் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டாத முழுப் பேட்டிகளை ஒரு வன்தட்டில் போட்டு, மாவட்ட நூலகத்திலோ ஒரு கல்லூரி வரலாற்றுத் துறையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பேசிய ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய பேட்டியை மட்டும் தனியாகப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், உறையின் மேல் பேசியவர் பெயரையும் பதிவு செய்த தேதியையும் எழுதி.